பூஜ்யம் நாற்பது

வெளுத்ததெல்லாம் பால் என்றிருந்தவள்தான் நானும்,
அலுவலகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில்
பி-17 என்ற தூண்
என் காரின் வலப்பக்கக் கதவில் கையெழுத்துப் போடும்வரை.

லைசென்ஸ் கைக்கு வந்து பதினொரு நாள்.
நான்காவது முயற்சியில் வந்தது.
அதை இங்கே சொல்லவேண்டியதில்லை,
சொல்லிவிட்டேன்.

ஒரு சாண் நீளக் கீறல்.
பட்டறைக்குப் போனால் போலீஸ் காகிதம் எங்கே என்பார்கள்.
போலீஸிடம் போனால் யார் இடித்தது என்பார்கள்.
தூண் வரவில்லை, நான்தான் போனேன் என்பதை
அரபியில் எப்படிச் சொல்வது?

ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒரு ஸ்டிக்கர்.
அதில் பொடி எழுத்தில் நிறத்தின் எண்: 040.
கனடா போகிற அவசரத்தில் ஃபிலோமினா
இரண்டு சாவி, பாதி தீர்ந்த டிஷ்யூ டப்பாவோடு
விட்டுப்போன கார் இது.
ஏசி சத்தத்தைப் பற்றிச் சொன்னாள்,
எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

ரூவியில் நகப்பூச்சு மாதிரி ஒரு குப்பி கிடைத்தது.
மூடியில் அதே 040.
மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினேன்.
பழுத்த வேட்டியில்
சொட்டுநீலம் போட்ட புதுத்துணியை
ஒட்டுப்போட்டது மாதிரி ஆனது.
கீறலாவது தூரத்திலிருந்து தெரியாது.
இது மூன்றாவது மாடியிலிருந்து தெரிந்தது.

பிறகு வாதி கபீர்.
கலர் கலக்கும் கடையில் ஷொபிகுல்
குப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
"இது கார் பிறந்தன்றைக்கு இருந்த நிறம், மேடம்.
எத்தனை வெயில் ஆச்சு?"
ஒன்பது, இல்லை, பத்து.
"கூரைக்குக் கீழேயா, வெட்டவெளியா?"
வெட்டவெளி.
"எந்தப் பக்கம் மேற்கு பார்த்து நிற்கும்?"
அது ஃபிலோமினாவுக்குத்தான் தெரியும்.
கனடாவில் இப்போது நடுராத்திரி.

பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டான்.
உள்பக்கம் ஒரு வெள்ளை, வெளிப்பக்கம் ஒரு வெள்ளை.
நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில்
டப்பாவை வைத்து
மஞ்சள் ஒரு சொட்டு, காவி அதில் பாதி,
அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கறுப்பு.
கறுப்பா என்றேன்.
"எல்லா வெள்ளையிலும் இருக்கு.
அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை."

அட்டையில் தீற்றியதும் நான் தலையாட்டினேன்.
அவன் ஆட்டவில்லை.
ட்யூப்லைட்டில் பார்க்கக்கூடாதாம்.
ஈரத்தில் பார்க்கக்கூடாதாம்.
"அஸர் பாங்கு வரை பொறுங்கள்" என்று
ஸ்டூலைத் தெருவோரம் போட்டான்.
அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
ரேஷன் கடையில் முறை வராதவள் மாதிரி.
லாரிகள் போயின. ஒரு கரக் சாயா வந்தது.
நிறம் மெல்ல உள்ளே இறங்கி
ஃபிலோமினாவின் பத்து கோடையை
அவளைக் கேட்காமலே எட்டிவிட்டது.

ஒன்றரை ரியால்.
குப்பியில் ஒட்டிய துண்டுத்தாளில்
040, பத்து வெயில் என்று எழுதினான்
வங்காளத்தில்.
படித்துக் காட்டியதால் தெரியும்.

நேரே கதவில் தடவக் கை வரவில்லை.
பி-17க்குப் போனேன்.
இடுப்பு உயரத்தில் என்னுடைய கோடு,
அதே வெள்ளை, அதே ஒரு சாண்.
அப்போதுதான் மற்றவற்றைப் பார்த்தேன்:
கீழே யாரோ ஒருவரின் கருநீலம்,
டாக்ஸியின் ஆரஞ்சு,
ஈயப் பாத்திர நிறத்தில் நீளமாக ஒன்று,
முட்டைத்தோடு, மோர், தேய்ந்த சாக்பீஸ் என
என்னுடையதல்லாத மூன்று வெள்ளைகள்.
எந்தக் கடையும் இப்படி ஒரு ஷேட் கார்டு தராது.

சுற்றிப் பார்த்துவிட்டு
என் கோட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன்.
காய்வதற்குள் செக்யூரிட்டி வந்தார்.
தூணுக்கா பெயின்ட் அடிக்கிறீர்கள் என்றார்.
ஆமாம் என்றேன்.
அவர் போன பிறகு தேடினால்
பொட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

கதவு முடிந்தது.
விரல் வைத்தால் மட்டும் ஒரு மேடு.
கைப்பிடிக்குக் கீழே தூணின் மஞ்சள் கடுகளவு
இன்னும் ஒட்டியிருக்கிறது.
அதற்கு என்ன எண் என்று
ஷொபிகுலைக் கேட்கவில்லை.